திறக்காத

'அக்கா' என்ற பொத்தானை ஞானசீலன் பழக்கத்தில்தான் அழுத்தினான். எந்த வீடியோவை வெட்டி ஒட்டினாலும் கடைசியில் விரல் அங்கே போய் நிற்கும், சாப்பிட்டு எழுந்தால் கை கழுவப் போகிற மாதிரி. ஆனால் அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பொத்தானுக்கு இப்போது துடைக்க எதுவும் கிடையாது. திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு அப்படியே அசையாமல் இருந்திருக்க வேண்டும். அது மெலிந்தது. அவன் பேச்சை நிறுத்திய இடங்களிலெல்லாம், சீரான இடைவெளியில், சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. எதையோ துடைத்து எடுத்திருக்கிறது.

காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து மழை விடவில்லை. பம்பாய்ச் செம்பூரின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. முன்னறையில் குறுக்காகக் கட்டிய கொடியில் நாலு நாளாய்க் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும், மாஹுல் எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து ஈரக் காற்றோடு வரும் எண்ணெய் வாடையும், அக்காவின் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் வாசமும் கலந்து அறைக்குள்ளேயே நின்றன. மழைச் சத்தத்தைத்தான் பொத்தான் துடைத்திருக்கும் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். போட்டுக் கேட்டால் மழை அப்படியே இருந்தது. மின்விசிறியின் கரகரப்பு இருந்தது. கீழே ஆட்டோக்காரர் ஒருவர் யாரிடமோ இந்தியில் சண்டை போடுவதும் தெளிவாக இருந்தது.

ஞானசீலன் வாரநாளில் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் பொம்மைகளைப் பற்றிப் பேசி இணையத்தில் வீடியோ போடுகிறவன். சிறு பிள்ளைகளின் பொம்மையல்ல. நிலாவுக்கு மனுஷன் போனது புதிதாக இருந்த காலத்தில் வந்தவை போலவே, வெள்ளி உடுப்பும் சிவப்புப் பூட்ஸும் கதிர்த் துப்பாக்கியுமாக, சாணளவில் விண்வெளி வீரர்கள், தகர ரோபோக்கள், பச்சைத் தோல் வில்லன்கள். பெரிய கம்பெனிகள் இவற்றைச் செய்வதில்லை. யாரோ ஒருத்தர் தன் வீட்டு மூலையில் அச்சு வார்த்து, கொஞ்சம் உருப்படிகள் செய்து, அட்டையில் ஒட்டி விற்றுவிட்டு அச்சை உடைத்துப் போடுவார். ஆக்‌ஷன் ஃபிகர் என்பது இந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர். "நாப்பத்தெட்டு வயசுல எந்தம்பி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஃபிகர் பாக்கான்" என்று அக்கா சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்லிவைப்பாள்.

அக்கா என்றால் சேசம்மாள். அம்மா இறந்தபின் அவனை வளர்த்தவள், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், அவன் வீடியோவுக்கெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவளுக்கு இளப்பு, ஆஸ்துமா. போனைப் பிடிக்கும் ஆளின் மூச்சுத்தான் போனுக்கு முதலில் கேட்கும். இழுக்கும்போது ஒரு விசில், முடியும் இடத்தில் ஒரு தடுக்கல், பிறகு விடுவது. பின்னால் யார் குறட்டை விடுவது என்று பார்ப்பவர்கள் கேலி எழுதினார்கள். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் மூச்சை மட்டும் தனியாக எடுத்து எடிட்டிங் மென்பொருளுக்கு ஒரு தரம் காட்டிக்கொடுத்துவிட்டால், அது அந்தச் சத்தத்தைப் படித்து வைத்துக்கொண்டு எங்கே வந்தாலும் துடைத்துவிடும். அந்தப் பொத்தானுக்கு 'அக்கா' என்று பெயர் வைத்தான்.

"எம் மூச்சத் தொடைக்கதுக்கு எம் பேரேவா வச்சிருக்க? நல்ல தம்பி லே நீ" என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரித்து, இருமி, உட்கார்ந்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அவள் போனாள். அதன் பிறகு அந்த மூச்சை அவன் தேடாத இடமில்லை. போட்ட வீடியோக்களெல்லாம் சுத்தமாக இருந்தன. துடைக்காத மூலப் பதிவுகளை, போனில் இடமில்லை என்று அவனே அவ்வப்போது அழித்திருந்தான். அவள் சேலைகளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்தாயிற்று. இந்த ஊரில் கல்லறையும் நிரந்தரமில்லை, சில வருஷத்தில் எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அக்காவின் மூச்சு எப்படி இருக்கும் என்று உலகத்தில் இப்போது தெரிந்தது அந்தப் பொத்தானுக்கு மட்டும்தான். அதற்கும் துடைக்கத் தெரியுமே தவிரத் திருப்பித் தரத் தெரியாது. ஒரே ஒரு மூச்சு கேட்டால் போதும் என்று இந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எத்தனையோ தடவை அழுதிருக்கிறான்.

துடைத்ததை ரத்துசெய்தான். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டான்.

"வணக்கம். இன்னிக்கு நாம பாக்கப்போறது சந்திரக் காவலர்" என்று அவன் குரல் ஆரம்பித்தது. நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், மழைக்கு இந்தப் பக்கம், மிக அருகில், ஒரு விசில் மேலே ஏறியது. ஒரு தடுக்கல். விட்டது.

அவன் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. காலையில் பதிவு செய்தபோது அவன் தனியாகத்தான் இருந்தான். போன் முக்காலியில் இருந்தது. எதிரே மேசையில் அட்டையோடு அந்தப் பொம்மை இருந்தது, அவ்வளவுதான்.

பொம்மை முந்தாநாள் வந்தது. தாராவியிலிருந்து தமிழ்செல்வன் என்ற பையன் அனுப்பியிருந்தான். இந்த மாதிரிப் பொம்மைகளைச் செய்கிறவன், வீடியோ வழியாகப் பழக்கம். பார்சலின் மேல் பெறுபவர் பெயர் சேசம்மாள் என்று இருந்ததைப் பார்த்ததும் ஞானசீலன் வாட்ச்மேன் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாமல் அவள் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறாள். அவள் வருஷப் பூசையன்றே அதைப் பற்றிப் பேசிவிடுவது என்று முடிவு செய்து, அட்டையைப் பற்றி மட்டும் காலையில் பேசி முடித்திருந்தான். பிரித்துப் பார்ப்பது இரண்டாம் பாகம்.

வெள்ளி உடுப்பு, சிவப்புப் பூட்ஸ், மார்பில் பொய்க் குமிழ்கள். தலை கிடையாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சங்காய் அளவில் வெறும் கண்ணாடி உருண்டை, கழுத்தில் சிவப்பு அரக்கு வைத்து அடைத்தது. அட்டையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'திறக்காத'. சேகரிப்பவர்கள் மத்தியில் எல்லாப் பொம்மையும் இரண்டே வகை, அட்டையிலிருந்து பிரித்தது திறந்தது, பிரிக்காதது திறக்காதது. சுவர் அலமாரியில் மேல்தட்டு அவனுடையது, எல்லாம் திறந்தது. கீழ்த்தட்டு அக்காவுடையது. "அட்டையோட இருந்தாத்தான் லே அழகு. எல்லாத்தையும் கிழிச்சுப் பாக்கணுமா ஒனக்கு" என்பாள். சீட்டைப் பார்த்து அவன் காலையில் வீடியோவில் சிரித்திருந்தான். "திறக்காதது-ன்னு எழுதணும். பம்பாய்ப் பிள்ளைக, கடைசி எழுத்த முழுங்கிட்டாங்க" என்று அவன் குரல் இப்போது காதில் சொன்னது. அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில் மூச்சு வேகமாக, இரண்டு முறை வந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவன் பொம்மையைப் பார்த்தான். கண்ணாடி உருண்டையின் முன்பக்கம், வாய் இருக்கக்கூடிய இடத்தில், உள்ளே லேசாக ஆவி படிந்திருந்தது.

மழைக்காலம் என்று நினைத்தான். பம்பாய் மழையில் எதில்தான் ஆவி படியாது? கைக்கடிகாரத்துக்குள் படிகிறது, பீரோவுக்குள் படிகிறது, மூடி வைத்த உப்பு ஜாடிக்குள் படிந்து உப்பே தண்ணீராகிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆவி ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருங்கி, ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனது. பிறகு அந்தப் புள்ளியிலிருந்தே மறுபடி விரிந்தது.

எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். ஜன்னலை இழுத்துச் சாத்தினான். மழைச் சத்தம் தூரமானது. சுவரோரக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், மேல்வீட்டில் குக்கர் விசில், கொடியிலிருந்து தரையில் சொட்டும் ஒரு சட்டையின் சொட்டு. அவற்றுக்கெல்லாம் அடியில், அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்குப் பின்னாலிருந்து, நூல் மாதிரி மெல்லிசாக ஒரு விசில். தடுக்கல். ஆவி விரிந்தது. விசில். ஆவி சுருங்கியது.

பயத்தைவிட முதலில் வந்தது சந்தோஷம்தான்.

போனை எடுத்துத் தமிழ்செல்வனைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. பீஸ் வந்துட்டா? டேமேஜ் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல தம்பி. அந்தக் கண்ணாடித் தலைக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லியே, காலி. அக்கா ஒங்கட்ட சொல்லலியா? அது அவிய ஊதுனதுல்லா."

அந்தப் பக்கம் பர்னர் ஒன்று சீறிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா கண்ணாடிப் பட்டற குர்லால இருக்கு அண்ணாச்சி, டெஸ்ட் டியூப்லாம் செய்வோம். மத்த தலைலாம் நாந்தான் ஊதுனேன். போன வருஷம் மே மாசம் அக்கா ஆட்டோ புடிச்சு வந்தாவ. எந்தம்பிக்குப் போற பீஸ நாந்தான் ஊதுவேன்னு ஒரே ஜித்து, அடம். இளப்புக்காரிய, வேண்டாம்னேன், கேக்கல. மொதல்ல ஊதுனது சுருங்கிட்டு. அடுத்தது நின்னுட்டு, ஏக்தம் ரவுண்டு. ஊதுன கையோட அரக்கு வச்சு அடைச்சிருன்னாவ, மூச்சு வெளிய போயிரப்படாதாம். வெளையாட்டாத்தான் சொன்னாவ. பொறவு ரொம்ப நேரம் வெளிய ஸ்டூல்ல ஒக்காந்து மூச்சுப் பம்ப் அடிச்சிட்டு இருந்தாவ."

"ஏன் இவ்வளவு நாள் கழிச்சு அனுப்புன?"

"எனக்கு டெங்கு வந்துட்டு, ஊருக்குப் போயிட்டேன். பட்டறை மூடிக் கெடந்துச்சு. சாரி அண்ணாச்சி."

"அந்தச் சீட்டு?"

"அதுவும் அக்காதான். போன் பண்ணி, சீட்டு எழுதி ஒட்டுன்னாவ. அந்த ஒரு வார்த்ததான் சொன்னாவ. ஒங்க கலெக்‌ஷன் பாஷைன்னு நெனச்சேன். எனக்குத் தமிழ் எழுத வராது, பக்கத்து ஜெராக்ஸ் கடைல கேட்டு ஒட்டுனேன்." கொஞ்சம் தயங்கி, "அக்கா நல்லா இருக்காவளா?" என்றான்.

ஞானசீலன் கண்ணாடியைப் பார்த்தான். ஆவி விரிந்தது. சுருங்கியது.

"இருக்கா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

போன வருஷம் மே மாசத்துக்குப் பிறகுதான் அவள் அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஒரு மூச்சு கொறையுது லே. எங்கயோ வச்சிட்டு வந்துட்டேன்" என்பாள். இளப்புக்காரர்கள் பேசுகிற பேச்சு என்று அவன் பம்பை எடுத்துக் கொடுப்பான்.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஆவி படிந்தது. மூக்கையும் வாயையும் மூடிய அந்த பிளாஸ்டிக் முகமூடிக்குள், விரிந்து, சுருங்கி. கடைசி நாள் அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆவிக்குப் பின்னால் அவள் உதடு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. "தொற… தொற…" திற என்கிறாள். ஒரு மூச்சாவது வெளிக்காற்று கேட்கிறாள். "வேண்டாம்க்கா, டாக்டர் திட்டுவாரு" என்று அவன் அழுத்திப் பிடித்தான். "தொற" என்றாள். அப்புறம் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷமும் அவன் தூக்கத்தில் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்போது விசில் நீளமாகியிருந்தது. தடுக்கல் கூடியிருந்தது. ஆவி முன்போல் முழுதாக விலகவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து உருண்டையே வெளுத்துக்கொண்டு வந்தது. உள்ளே காற்று தீர்கிறது. ஒரு வருஷமாக இவ்வளவூண்டு கண்ணாடிக்குள், ஒரே மூச்சை, இழுத்து விட்டு, இழுத்து விட்டு.

"இரு யக்கா… இந்தா தொறந்துருதேன்" என்றான்.

போனை முக்காலியில் பொருத்திப் பதிவை ஓடவிட்டான். அந்த மூச்சு இனி அவனிடம் இருக்கும். யாரும் துடைக்க முடியாது. பிளேடால் பிளாஸ்டிக்கைக் கீறினான். நூற்றுக்கணக்கில் செய்த வேலை, கை தானாகப் போனது. பொம்மையை எடுத்ததும் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. பிளேடை அக்காவின் மெழுகுவர்த்தியில் காட்டி, கழுத்தரக்கைச் சுற்றி மெதுவாக இளக்கினான். கருகிய அரக்கு வாசனை. உள்ளே விசில் நின்றது.

அங்கே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அரக்கு உருண்டையாகத் திரண்டு விரலில் வந்தது. கழுத்துத் துளை திறந்தது.

முதலில் வாசனை. விக்ஸும் ஏலக்காயும். அவள் இருமலுக்கு எப்போதும் வாயில் அடக்கியிருப்பது. பிறகு காற்று அவன் முகத்தில், சூடாக, நீளமாக வந்தது, எலுமிச்சங்காய் அளவுக் கண்ணாடியில் இவ்வளவு இருக்க முடியாது என்று தோன்றுமளவுக்கு வந்துகொண்டே இருந்தது. கண்ணில் நீர் வழிய அவன் "யக்கா" என்றான். அந்தக் காற்றுக்குள் ஒரு சத்தம் இருந்தது. சொல் அல்ல. ஒரு சொல்லின் வால்.

"…க்காத."

ஆஸ்பத்திரியில் கேட்ட பாதியை அதனோடு சேர்த்துப் பார்த்தான்.

தொற. க்காத.

தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை போக மூச்சு வேண்டும். அவளுக்கு ஒரு மூச்சு குறைந்தது.

அட்டை மேசையில் மல்லாந்து கிடந்தது. 'திறக்காத.' எந்த எழுத்தும் விட்டுப்போகவில்லை. ஏட்டுத் தமிழில் படித்தான், சிரித்தான். அவள் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் போதும். தொறக்காத லே.

காற்று நின்றது.

விட்டவர்கள் இழுக்க வேண்டும்.

உதட்டில் முதலில் சில்லென்று பட்டது. மெழுகுவர்த்தியின் சுடர் மேசைப் பக்கம் சாய்ந்தது. கொடியில் துணிகள் எல்லாம் ஒரே திசையில் அசைந்தன. கண்ணாடியின் கழுத்து இழுத்தது. பசித்த இழுப்பு. ஒரு வருஷப் பசி. அவன் வாயிலிருந்து காற்று போனது, அவன் விடாமலே.

மறுபடி இழுக்கப் பார்த்தான். பாதி வந்தது. நெஞ்சுக்குள் ஒரு விசில். ஒரு தடுக்கல்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

கண்ணாடிக்குள் ஆவி விரிந்தது, முழுதாக, தாராளமாக. விசில் இல்லை. தடுக்கல் இல்லை. அவனுக்குத் தெரிந்து அவள் ஒரு தடவைகூட விடாத மூச்சு.

விரலில் அரக்கு இன்னும் இளகலாகவே இருந்தது. துளையில் வைத்து அழுத்தினால் போதும். கை கழுத்துவரை போனது. உள்ளே ஆவி சட்டென்று சிறுத்தது, பயந்த மாதிரி. அவன் கை ஒரு மணிக்கட்டைப் பிடித்திருந்த கை.

மாட்டேன் என்று நினைத்தான். இன்னொரு தடவை மாட்டேன்.

அரக்கு தரையில் விழுந்தது.

நாற்காலியிலிருந்து அவனும் சரிந்தான். முக்காலியில் போன் ஓடிக்கொண்டிருந்தது, சிவப்புப் புள்ளி. எல்லாம் பதிவாகிறது. அவனுடைய இந்த இரைப்பும். அந்தப் பொத்தானை யாராவது அழுத்தினால் இதையும் துடைத்துவிடும் என்று தோன்றியது. வித்தியாசம் அதற்குத் தெரியாது.

விசில். பாதி.

விசில். அதிலும் பாதி.

மேசை விளிம்பில் தலையில்லாத காவலர் அவனைப் பார்த்து நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்தது. விலகியது. படிந்தது. அவசரமே இல்லாமல். நன்றாகத் தூங்குகிற ஒருத்தியின் மூச்சு.

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்த மூச்சுக்கு அவன் முறை வரவில்லை.

கண்ணாடியில் ஆவி படிந்தது.